ஒஸ்னி வகையறா

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பை உருக்குகிறார்கள், வெட்டுகிறார்கள், நசுக்குகிறார்கள். அந்தச் சூடும் சத்தமும் சேர்ந்து எனக்கு ஏற்றிய ரத்தக் கொதிப்பைவிட ஒஸ்னி என்ற ஒற்றை மனிதன் ஏற்றியது அதிகம். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அவனோடு ஒரே ஒரு ஷிப்ட் வேலை பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் இன்று உட்கார்ந்து பத்திரிகை படிக்கத் தெம்பு இருக்காது.

ஒஸ்னி என்பது அவன் அப்பா வைத்த பெயர் இல்லை. நாங்கள் வைத்தது. வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் வரும் என்பதால் வைத்தது.

வேதத்தில் மோசே ஜனங்களைக் கணக்கெடுக்கிற ஓர் அதிகாரம் இருக்கிறது. இன்னாருடைய சந்ததி, இன்னாருடைய குடும்பம் என்று பக்கம் பக்கமாக வெறும் பெயர்கள். கிறிஸ்தவர்களே அந்த இடம் வந்தால் விரலில் எச்சில் தொட்டு நாலு பக்கத்தைத் தள்ளிவிடுவார்கள். ஒஸ்னிக்கு வேதத்தில் பிடித்ததே அந்தப் பக்கங்கள்தான். அதிலும் காத் என்ற கோத்திரத்தின் ஒரு மூலையில் ஒஸ்னியர் என்று ஒரு குடும்பம் வரும். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தைப் பற்றி எங்கேயும் பேச்சே கிடையாது. அதில் ஒரு ராஜா பிறக்கவில்லை, ஒரு தீர்க்கதரிசி பிறக்கவில்லை. சாபம் வாங்கியதாகக்கூடத் தகவல் இல்லை. உலகத்தில் இருக்கிற அத்தனை பெயர்களையும் விட்டுவிட்டு இவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"தப்பும் பண்ல, பேரும் வாங்கல. ஆனா கணக்குல கீறான் பாரு" என்பான். "அவன் தான் நைனா நம்ம ஆளு."

எல்லோரையும் நைனா என்றுதான் கூப்பிடுவான். வயதில் என்னைவிடப் பெரியவன். ஆனாலும் அவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மன்னிக்க வேண்டியதில்லை, அவன் அதற்குத் தகுதியானவன் இல்லை.

அவன் போகிற சர்ச் கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம். அங்கே நடந்ததை அவன் சபைக்காரர்களே என்னிடம் புலம்பியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அதிகாரத்தை வாசிக்க வேண்டிய முறை வந்தது. வாசித்தவர் ரிட்டையரான பேங்க்காரர், நேரத்தின் அருமை தெரிந்தவர். ரூபன் கோத்திரத்தில் ஏறி, நடுவில் எங்கேயும் நிற்காமல், கடைசி வசனத்தில் வந்து இறங்கினார். ஒஸ்னியின் காது அப்போதே பாதி போயிருந்தது. ஆனால் உதட்டைப் பார்த்தே பிடித்துவிட்டான். சபை நடுவிலிருந்து எழுந்து நின்றான்.

"காத் கோத்திரத்த எங்க இறக்கி உட்டுட்டு வந்த?"

வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றினார். ஒஸ்னி விடவில்லை.

"எகிப்துலருந்து கால் தேய நடந்து வந்தாங்கய்யா. நீ ஃபேனுக்குக் கீழ நின்னுக்கினு அவங்க பேரப் படிக்க மாட்டியா?"

அதிகாரம் முதலிலிருந்து முழுதாக வாசிக்கப்பட்டது. அன்றைக்கு அந்த சபையில் பிரியாணி அடிப்பிடிக்காத வீடே இல்லை என்கிறார்கள்.

எங்கள் வேலை பவர் பிரஸ்ஸில். தகட்டை வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி அடிக்கும். கார் கதவுக்குள்ளே போகிற துண்டு ஒன்று கீழே விழும். ஓர் அடிக்கு ஒரு துண்டு. ஓர் அடி வீணானால்கூட வம்சத்தை இழுத்துத் திட்டுவார்கள். வரிசையாக அத்தனை பிரஸ்ஸும் சேர்ந்து அடிக்கும்போது பக்கத்தில் குண்டு வெடித்தாலும் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும், கேட்காது. காதில் வைத்துக்கொள்ள என்ன கொடுத்தார்கள் என்று கேட்கிறீர்களா? எண்ணெய் துடைக்கிற பஞ்சு வேஸ்ட். அதையும் நாங்களே கிள்ளி எடுத்துக்கொள்ள வேண்டும். நிஜமான காதடைப்பான், ஆரஞ்சு நிறத்தில் மெத்தென்று, சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குப் பூட்டு. வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிற நாளில் திறந்து ஆளுக்கு ஒரு ஜோடி கொடுப்பார்கள். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் திருப்பி வாங்கி உள்ளே வைத்துப் பூட்டுவார்கள். இன்னொருத்தன் காதிலிருந்து வந்ததை அடுத்த ஆடிட்டில் நான் வைத்துக்கொள்வேன். இதை யோசித்துச் செய்தவன் எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினான் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல் நறநறவென்கிறது.

ஆகவே எங்களுக்குள் கைப்பேச்சு. வெளியே இருக்கிறவர்களுக்கு இது தெரியாது. பிரஸ் ஷாப்பில் ஆறு மாதம் இருந்தவனுக்கு வாய் தேவைப்படாது. தகடு தீர்ந்தது, அச்சு சிக்கிக்கொண்டது, மேலே கிரேன் வருகிறது, பீடி இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் கை உண்டு. ஒவ்வோர் ஆளுக்கும் கையால் ஒரு பெயரும் உண்டு. வயிற்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் சூப்பர்வைசர். மீசையை முறுக்கினால் காண்ட்ராக்டர். உதட்டை மட்டும் முணுமுணுவென்று அசைத்தால் ஒஸ்னி. பிரஸ் ஓடுகிற நேரமெல்லாம் அவன் அந்தப் பெயர்ப் பட்டியலை ஒப்பித்துக்கொண்டே இருப்பான். மூக்கின் நுனியைத் தொட்டால் நான். அங்கேதான் எனக்குக் கோபம் குடியிருக்கிறதாம்.

எல்லோருக்கும் நான் மூக்கு. ஒஸ்னிக்கு மட்டும் இல்லை. அவன் பிரஸ்ஸுக்கு நேர் எதிர் பிரஸ்ஸில் நான் நிற்பேன். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் தன் காது மடலைப் பிடித்து இழுத்துக் காட்டுவான். சைரன் அடித்ததா, சூப்பர்வைசர் கத்துகிறானா, கிரேன் மணி அடிக்கிறதா, எதுவாக இருந்தாலும் உடனே என் பக்கம் திரும்பி ஓர் இழுப்பு. நான் என்ன விஷயம் என்று கையால் சொல்ல வேண்டும். எனக்கும் இடது காதில் அப்போது ஒரு விசில் ஊத ஆரம்பித்திருந்தது. இவன் அதைத்தான் கிண்டல் செய்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு மூக்கு என்று ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிடு என்று கேன்டீனில் வைத்துச் சண்டை போட்டேன். சிரித்தான். அடுத்த நாளும் காதைத்தான் இழுத்தான்.

காண்ட்ராக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரம்பரை நெல் வயல்காரர். ஒஸ்னியின் அப்பாவும் அம்மாவும் அவர்கள் வயலில்தான் நாற்று நட்டார்கள். வயலில் பாதியைக் கம்பெனிகளுக்கு விற்றுவிட்டு, அதே கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற தொழிலுக்கு வந்துவிட்டார். முன்பு வரப்பில் நின்று அதட்டியதை இப்போது கேட்டில் நின்று அதட்டினார், அவ்வளவுதான் முன்னேற்றம். மேலுதட்டை முழுதாக மூடிய மீசை. அவர் என்ன பேசுகிறார் என்று ஒஸ்னியால் உதட்டில் படிக்கவே முடியாது.

"முதல்ல அந்த மீசையக் கத்தரிக்கச் சொல்லு. ஆடு மேயற புதருக்குள்ளருந்து பேசற மாதிரி கீது" என்பான்.

ஓர் ஆயுத பூஜை. மெஷின்கள் ஓய்ந்திருந்தன, ஆகவே எல்லாருக்கும் எல்லாமே கேட்கிற அபூர்வமான நாள். காண்ட்ராக்டர் பொரி கொடுத்துக்கொண்டே வந்து ஒஸ்னியின் முன்னால் நின்றார். மீசையை விரலால் ஒதுக்கிக்கொண்டு, "நீ எந்த வகையறாடா?" என்று கேட்டார்.

தெரியாமல் கேட்கவில்லை. அவன் அப்பன், பாட்டன் எந்தத் தெருவில் குடிசை போட்டிருந்தார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். அவன் வாயாலேயே சொல்ல வேண்டும், நாங்கள் எல்லோரும் பொரி தின்றுகொண்டே கேட்க வேண்டும். அதற்குத்தான் கேட்டார்.

ஒஸ்னி பொரியை வாயில் போட்டுக்கொண்டே, "ஒஸ்னி வகையறா" என்றான்.

"இன்னாது?"

"ஒஸ்னி. காத் கோத்திரம்."

"அப்படி ஒரு வகையறா இந்தப் பக்கத்துலயே இல்லியே."

"இந்தப் பக்கம் இல்ல. யோர்தான் ஆத்துக்கு அந்தாண்ட. எங்க நிலம் மோசே பாத்து ஒதுக்கினது. உங்க நிலத்த யாரு ஒதுக்கினது?"

ஊத்துக்கோட்டைக்காரன் ஒருத்தன் பின்னாலிருந்து, யோர்தானுக்கு ஷேர் ஆட்டோ போகுமா என்று கேட்டுவிட்டான். ஷாப்பே சிரித்தது. காண்ட்ராக்டர் தாம்பாளத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனார். போகிற வழியில் என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "நீ நம்ம ஆளு. உங்கப்பன எனக்குத் தெரியும். அவனோட இன்னாத்துக்குச் சுத்திக்கினு கீற?" என்றார். எங்கள் வீட்டில் ரெண்டு ஏக்கர் இருந்தது, ஆடி மாதம் பெரியபாளையத்துப் பவானி அம்மனுக்குப் பொங்கல் வைப்போம், ஆகவே நான் 'நம்ம ஆளு'. அந்தச் சொல் எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. ஆனால் அதற்காக ஒஸ்னியை எனக்குப் பிடித்தது என்று அர்த்தம் இல்லை. அவனால்தானே இந்த ஆள் என் தோளைத் தொட்டான்.

சரி, ஒஸ்னி என்றால் என்னதான் அர்த்தம்? இதைக் கேட்டுக் கேட்டே எனக்கு வாய் வலித்தது. ஒவ்வோர் ஆளுக்கும் ஒவ்வோர் அர்த்தம் சொன்னான். சூப்பர்வைசர் கேட்டபோது, 'ஓவர்டைம் பார்க்க மறுத்தவன்' என்றான். கேன்டீன்காரரிடம், 'சாம்பாரில் பருப்பைத் தேடியவன்' என்றான். ஒடிசாவிலிருந்து வந்து எங்களோடு வேலை பார்த்த ஒருவன் இருந்தான். தமிழில் நாலு சொல்கூடத் தெரியாது, கைப்பேச்சில் புலி. அவனுக்கு ஏதோ கையாலேயே சொன்னான், அவன் விழுந்து விழுந்து சிரித்தான். என்னிடம், "முணுக்குன்னா கோவிச்சுக்கறவன்னு அர்த்தம் நைனா" என்றான். தட்டில் இருந்த தோசையை அவன் மேல் எறியாமல் விட்டதற்கு ஒரே காரணம், எனக்குப் பசி.

அர்த்தத்தைத்தான் மறைத்தான். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்காமலேயே சொல்வான். சாயங்காலம் லோக்கல் ட்ரெயினில், கூட்டத்தில் என் முகத்துக்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டு, ஊரே கேட்கும்படி சொல்வான். காது போனவர்கள் குசுகுசுவென்று பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு கத்துவார்கள்.

விஷயம் இதுதான். யாக்கோபின் பிள்ளைகள் பஞ்சத்தில் எகிப்துக்குப் போகும்போது வேதத்தில் ஒரு பட்டியல் வருகிறது. அதில் காத்தின் மகன்களில் இந்த ஒஸ்னி இருக்க வேண்டிய இடத்தில் எஸ்போன் என்று இருக்கிறது. பல தலைமுறை கழித்து எகிப்திலிருந்து வெளியே வந்து மோசே கணக்கெடுக்கும்போது அதே இடத்தில் ஒஸ்னி என்று இருக்கிறது.

"போம்போது எஸ்போனு, வரும்போது ஒஸ்னி. நடுவுல இன்னா ஆச்சு?" என்பான்.

எனக்கென்ன தெரியும் என்பேன்.

"செங்கல் சூளை ஆச்சு. எகிப்து ராஜாவுக்கு அடிமையா பல தலமுறை செங்கல் அறுத்தா அப்பன் வச்ச பேரு நிக்குமா? எங்கப்பனையே பாரேன். இந்த மீசக்காரன் ஊட்டு வயல்ல ஒரு பேரு. ஞானஸ்நானத்துல ஒரு பேரு. ரேஷன் கார்டுல எழுதினவன் தூக்கத்துல எழுதின பேரு ஒண்ணு. வேல வாங்கறவன்லாம் அவன் அவன் இஷ்டத்துக்குக் கூப்புடுவான் நைனா. வெளிய வந்தப்புறம் நாமளா வச்சிக்கறோம் பாரு, அதான் பேரு."

பொன்னேரி வரைக்கும் போகிற கல்லூரிப் பெண்கள் சிரிப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். கவரைப்பேட்டையில் இறங்கும்போது, எனக்கும் வகையறாவில் இடம் உண்டு என்று சொல்லிவிட்டுப் போவான். நான் கேட்டேனா? அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவனுக்கு எதற்கு யோர்தானுக்கு அந்தாண்ட சொந்தம்?

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் காது டெஸ்ட் வந்தது.

எங்கள் துண்டுகளை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளர்களின் காதைச் சோதித்துச் சான்று அனுப்பச் சொன்னதாம். சோதனை வண்டி வரும், தேறாதவர்கள் பிரஸ்ஸில் நிற்கக் கூடாது என்று ஹெச்.ஆர். நோட்டீஸ் ஒட்டினார்கள். கம்பெனி ஆட்களுக்கு அதன் அர்த்தம் வேறு டிபார்ட்மென்ட். எங்களைப் போன்ற காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அதன் அர்த்தம் கேட்டுக்கு வெளியே. காதைக் கெடுத்தவன் நாற்காலியில் இருப்பான், காது கெட்டவன் ரோட்டில் நிற்பான். இந்த நியாயத்தைக் கண்டுபிடித்தவனுக்கு விருது கொடுக்கலாம்.

காண்ட்ராக்டர் ஒஸ்னியின் பிரஸ்ஸுக்கே வந்து சொன்னார். மீசைக்குள்ளிருந்து சொன்னதால் அவனுக்குப் புரியவில்லை. என் பக்கம் திரும்பிக் காதை இழுத்தான். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவனைக் காட்டினேன், காதைக் காட்டினேன், பிரஸ்ஸைக் காட்டினேன், கேட்டைக் காட்டினேன். ஒஸ்னியின் உதடு நின்றது. நான் அந்த ஷாப்பில் சேர்ந்த நாளிலிருந்து பிரஸ் ஓடும்போது அந்த உதடு நின்று பார்த்ததே இல்லை. அவன் பெண் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வேறு எந்தக் கம்பெனி அந்தக் காதை வேலைக்கு எடுக்கும்?

எனக்கு வந்த கோபத்தில் ஒரு திட்டம் போட்டேன். கோபத்தில் போடுகிற திட்டங்களை நம்பாதீர்கள்.

வண்டி வந்தது. உள்ளே கண்ணாடி ஜன்னல் வைத்த சின்னக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ள வேண்டும், சத்தம் கேட்டால் கையில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். கூண்டுக்கு வெளியே டாக்டரம்மா மெஷினோடு உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு விசையைத் தட்டினால் உள்ளே சத்தம் போகும். அடுத்த ஆளாக நான் வண்டியின் வாசலில், அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அவர் விரலும் எனக்குத் தெரிந்தது, ஜன்னலுக்குள் ஒஸ்னியின் முகமும் தெரிந்தது. அவர் விரல் இறங்கினால் நான் என் மூக்கைத் தொடுவேன். உடனே ஒஸ்னி அழுத்த வேண்டும். இவ்வளவுதான் திட்டம்.

அற்புதமாக நடந்தது. அதுதான் கோளாறு. அந்தச் சோதனையில் டாக்டர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவார், எந்த இடத்தில் கேட்காமல் போகிறது என்று பார்ப்பதற்காக. யாருக்காக இருந்தாலும் ஓர் இடத்தில் நின்றே ஆக வேண்டும். எங்களுக்கு அது எங்கே தெரியும்? நாங்கள் பிரஸ்காரர்கள். ஓர் அடிக்கு ஒரு துண்டு, ஓர் அடியும் வீணாகக் கூடாது. விரல் இறங்கிய ஒவ்வொரு முறையும் மூக்கு, பட்டன், மூக்கு, பட்டன். ஒஸ்னிக்கு உற்சாகம் வந்து உதடுகூட அசைய ஆரம்பித்துவிட்டது.

டாக்டரம்மா குனிந்து மெஷினைப் பார்த்தார். தட்டினார், திருப்பினார், மறுபடி தட்டினார். "இது நாய்க்குக்கூடக் கேக்காதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு ஹெட்ஃபோன் ஒயரை மெஷினிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு விசையைத் தட்டினார்.

நான் மூக்கைத் தொட்டேன். ஒஸ்னி, முழு நம்பிக்கையோடு, பட்டனை அழுத்தினான்.

டாக்டரம்மா மெதுவாகத் திரும்பினார். என் விரல் இன்னும் மூக்கின் மேலேயே இருந்தது.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நீங்க உள்ள வாங்க" என்றார். என்னைக் கூண்டில் உட்கார வைத்தார். எனக்காக மூக்கைத் தொட யாரும் இல்லை. முடிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஒஸ்னியை ஒயரோடு மறுபடி சோதித்தார். பிறகு ஊத்துக்கோட்டைக்காரன், ஒடிசாக்காரன், வரிசையாக ஷாப்பில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டார். சாப்பாட்டு நேரம் தாண்டிப் போயிற்று. ஹெச்.ஆர். அதிகாரி வந்து எட்டிப் பார்த்தார். காண்ட்ராக்டரும் வந்து நின்றார்.

டாக்டரம்மா வண்டிக்கு வெளியே இறங்கி வந்து காகிதங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பிடித்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு கோடு. எல்லாக் கோடும் ஒரே இடத்தில் பள்ளத்தில் விழுந்திருந்தது. சிலருக்குப் பள்ளம் கொஞ்சம், சிலருக்குக் கிணறு.

"ஒரே மூக்கு, ஒரே முழி மாதிரி எல்லாருக்கும் ஒரே இடத்துல போயிருக்கு. என்னங்க, நீங்கல்லாம் ஒரே குடும்பமா?" என்றார். கசப்பாகத்தான் கேட்டார், சிரிக்கவில்லை.

ஒஸ்னி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாம்மா. ஒஸ்னி வகையறா."

காண்ட்ராக்டர் பதறிவிட்டார். இவர்கள் குடும்பமெல்லாம் இல்லை, டாக்டர் தப்பாக எழுதிவிடக் கூடாது என்று முன்னால் வந்தார். என் தோளில் கையைப் போட்டார். "இவன் நம்ம ஆளு மேடம். அவனுங்க வேற."

அந்தக் கை. அதை எடுத்து அப்படியே பிரஸ்ஸுக்குள் வைக்கலாம் போல இருந்தது. பிரஸ் பக்கத்தில் இல்லாததால் வெறுமனே தட்டிவிட்டேன்.

"நானும் ஒஸ்னி வகையறாதான் டாக்டர். எழுதிக்கோங்க."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. எங்கள் ஷாப் ஆட்களுக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒடிசாக்காரனுக்கு என்ன புரிந்ததோ, கையைத் தூக்கி "ஒஸ்னி" என்றான். காண்ட்ராக்டர் முகத்தில் மீசை மட்டும்தான் தெரிந்தது.

இதோடு கதை நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் எந்தக் கம்பெனியிலும் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம். மொத்த ஷாப்பும் தேறவில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பினால் பிரஸ்ஸை யார் ஓட்டுவது? ஹெச்.ஆர். உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆளை நிறுத்தவில்லை. சோதனை வண்டியை நிறுத்திவிட்டார்கள். அது மறுபடி வரவே இல்லை. ஒஸ்னிக்கு வேலை தப்பியது. காது யாருக்கும் தப்பவில்லை.

ஆனால் ஒரு நாள் காலையில் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் பூட்டு, அப்பளம் போலத் தட்டையாக, ஒஸ்னியின் பிரஸ்ஸுக்குக் கீழே கிடந்தது. பெட்டி காலி. ஆளாளுக்குக் காதில் ஆரஞ்சு. விசாரணை நடந்தது. பூட்டைப் பெயர்த்து பிரஸ்ஸில் வைத்து அடித்தால் பெரிய சத்தம் வந்திருக்குமே, ஒருத்தருக்குமா கேட்கவில்லை என்று சூப்பர்வைசர் கேட்டார். கேட்கவில்லை என்று எல்லோரும் எழுதிக் கொடுத்தோம். டாக்டரம்மாவின் ரிப்போர்ட் சாட்சி. அதன்பிறகு அந்தப் பெட்டிக்கு யாரும் பூட்டுப் போடவில்லை.

ஒஸ்னி வேலை முடிந்து வீட்டோடு இருக்கிறான் இப்போது. பெண் நர்ஸாகிவிட்டாள். அவனுக்கு மிச்சமிருந்த காதும் போய்விட்டது. சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். பிரியத்தால் இல்லை, கவரைப்பேட்டையில் வேறு வேலை இருந்தது. வாசலில் புதிதாக வந்த போதகர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். சின்ன வயசு, எபிரெயம் படித்தவராம். அவரை நிறுத்திக் கேட்டேன்.

"இந்த ஆளு சாமி, இத்தன வருசமா பொய்யா சொல்லிக்கினு கீறான். ஒஸ்னின்னா நெசமா இன்னா அர்த்தம்?"

அவர் சிரித்தார். எஸ்போன் எப்படி ஒஸ்னி ஆனது என்பது படித்தவர்களுக்கும் தெரியாது, ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், உங்கள் நண்பர் சொல்கிற செங்கல் சூளைக் காரணத்தை மட்டும் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை என்றார்.

"ஆனா அர்த்தத்துல குழப்பம் இல்லைங்க. எபிரெயத்துல 'ஓசென்'னா காது. ஒஸ்னின்னா 'என் காது'. அவருக்கு இது ரொம்ப நாளாவே தெரியுமே. முன்னாடி இருந்த போதகர் ஐயா சொல்லிக் கொடுத்தாராம்."

போதகர் போய்விட்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படி ஏறினேன்.

உள்ளே ஒஸ்னி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சத்தத்தை மொத்தமாகக் குறைத்துவிட்டு டி.வி.யில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. என் நிழல் விழுந்ததும் திரும்பினான். என்னைப் பார்த்தான். காது மடலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான்.

எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருடம் கேன்டீனில் சண்டை போட்டேனே, இந்த இழுப்புக்கு இதுதான் அர்த்தம் என்று அப்போதே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் அத்தனையையும் வரிசையாகச் சொல்லித் திட்டினேன். அவன் தலையைச் சாய்த்து, ஒன்றும் கேட்கவில்லை என்று கை விரித்தான்.

ஆகவே இன்னொரு நாற்காலியை இழுத்து அவன் எதிரே போட்டு உட்கார்ந்தேன். முதலிலிருந்து, ஒன்று விடாமல், கையால் திட்டினேன்.